தளத்துக்கு வெளியே ஓர் அழைப்பு: முகம் காணாத கிளையன்டை எதைக் கொண்டு நம்புவது?

முகம் காணாத ஒருவருக்கு முதலில் வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, காசு பிறகு வரும் என்று காத்திருக்கலாமா? கிழக்கிலங்கையின் கல்முனைக் கரைக்கு இது புதிய கேள்வி அல்ல. 1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் வேலை தேடிப் போகத் தொடங்கியது முதல், மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள ஊர்களில் "விசா வந்திரிக்கு, காசக் கட்டுங்க" என்று சொன்ன ஏஜென்டை நம்புவதா விடுவதா என்று குடும்பங்கள் இரவிரவாகப் பேசியிருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்டிய காசு திரும்பாத வீடுகளும் உண்டு. அப்படிக் கட்டிய காசால் தலைநிமிர்ந்த வீடுகளும் உண்டு. கேள்வி கடினமாக இருப்பதற்கு இந்த இரண்டாவது வகைதான் காரணம்.

இன்று அதே கேள்வி சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டு முன்னறையில், லெப்டொப் திரையில் வந்து நிற்கிறது. ஃபைவர், அப்வேர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் அறிமுகமான கிளையன்ட் இரண்டு வரி பேசிய உடனே, "இங்கே வேண்டாம், வட்ஸ்அப்புக்கு வாங்க" என்கிறார். அவர் தரகுக் காசை மிச்சம் பிடிக்க நினைக்கும் சாதாரண வியாபாரியா, ஏமாற்றுக்காரரா?

இதற்குப் பல காலங்களில் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வெளியே அழைப்பது மட்டும் மோசடிக்கு அடையாளம் ஆகாது என்று தோன்றுகிறது. அழைப்பு எந்த நேரத்தில் வருகிறது, காசு எந்தத் திசையில் போகிறது, வெளியே போனபின் முறைப்பாடு சொல்ல ஓர் இடம் மிஞ்சுகிறதா என்ற மூன்றையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

வெளியேற மனம் வருவது ஏன்?

நேர்மையான காரணங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். ஃபைவர் விற்பனையாளரின் வருமானத்தில் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. 50 டொலருக்கு லோகோ வரைந்து கொடுத்தால் கையில் நிற்பது 40. அப்வேர்க் 2016இல் 20, 10, 5 என்று படிப்படியாகக் குறையும் கட்டணத்தை வைத்தது; 2023இல் அதை ஒரே சீராக 10 வீதமாக்கியது; 2025 முதல் வேலைக்கேற்ப 0 முதல் 15 வீதம் வரை மாறும் முறைக்குப் போயிருக்கிறது. அங்கே விண்ணப்பம் போடுவதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற அலகுகள் வேண்டும்; அவற்றைக் காசு கொடுத்து வாங்கவும் நேரும். அதற்கு மேல், காசை வங்கிக்குக் கொண்டுவரும் செலவு வேறு.

இலங்கைக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பேபால் கணக்கால் இங்கிருந்து காசு கட்டலாம், இங்கே காசைப் பெற முடியாது என்ற நிலை நீண்ட காலமாக நிலவியது. அதனால் பலரும் பயோனியர் என்ற இன்னொரு சேவை வழியாகவே வங்கிக்குக் காசு எடுக்கப் பழகினார்கள். "நான் பேபாலில் மட்டும்தான் கட்டுவேன்" என்று ஒரு கிளையன்ட் சொன்னால், இங்கிருப்பவர் வெளிநாட்டில் உள்ள மச்சானின் கணக்கைத் தேடுகிறார், அல்லது கிரிப்டோவுக்குச் சம்மதிக்கிறார். மோசடிக்காரருக்குத் தேவையான கதவு அந்த இடத்தில் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது.

2022ஆம் ஆண்டையும் மறக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய்; மே மாதத்தில் 360 ரூபாயளவில். சம்பளம் ரூபாயில் நின்றுவிட, டொலரில் வரும் எந்தக் காசும் வீட்டைத் தாங்கும் தூணாக மாறியது. வேலை கொடுப்பவரைச் சந்தேகித்துத் திருப்பி அனுப்பும் துணிவு, அடுப்பில் அரிசி இருப்பவருக்கு வருவதுபோல இல்லாதவருக்கு வருவதில்லை.

கிரேஸ் கூ, ஃபெங் சூ என்ற இரு ஆய்வாளர்கள் ஃப்ரீலான்ஸ் சந்தை ஒன்றில் நடத்திய பரிசோதனையை 2021இல் வெளியிட்டார்கள். ஃப்ரீலான்ஸரின் தரத்தைப் பற்றிய நம்பகமான தகவலைக் கிளையன்டுக்குக் கூடுதலாகக் காட்டினால், உயர்ந்த தரமுள்ளவர்களோடு கிளையன்ட் தளத்தைத் தாண்டி நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வதும் கூடுகிறது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அதாவது நம்பிக்கை வளர்ந்தாலும் வெளியேற்றம் நடக்கிறது. வெளியே அழைப்பவர் எல்லாரும் கள்ளர் என்ற எளிய விடை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

எழுத்தும் சாட்சியும் ஊர்ப்பேச்சும்

முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று எல்லாருக்கும் தெரியும். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. நம்பிக்கை இருக்கிறதே என்று எழுத்தை விட்டுவிடாதே என்பது அதன் நடைமுறைப் பொருள். "எழுதிக் கேட்டால் கிளையன்ட் கோபித்துக்கொள்வார்" என்று தயங்கும் இளைஞர்களுக்கு இதைவிட அருகில் இருக்கும் துணை வேறில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது விடை ஊர்ப்பேச்சு. 11ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலோரம் வாணிபம் செய்த மக்ரிப் யூத வணிகர்கள், கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்த முகவர்களை எப்படி நம்பினார்கள் என்று அவ்னர் கிரைஃப் 1989இல் எழுதினார். கெய்ரோவில் கிடைத்த கடிதங்களை வைத்து, ஒருவரை ஏமாற்றிய முகவரை அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் அமர்த்த மாட்டார்கள், அந்தப் பயமே ஒழுங்கைக் காத்தது என்றார். ஜெரெமி எட்வர்ட்ஸும் ஷீலா ஒகில்வியும் 2012இல் அதை மறுத்தார்கள். அதே கடிதங்களில் வணிகர்கள் நீதிமன்றத்தையும் நாடியிருக்கிறார்கள், பேச்சு மட்டும் போதவில்லை என்பது அவர்கள் வாதம்.

கல்முனைக் கரையின் அனுபவம் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்வதாகத் தெரிகிறது. வெளிநாட்டு ஏஜென்ட்களைப் பற்றி ஊர் பேசாமல் இருந்ததில்லை. ஆனாலும் 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்து, உரிமம் இல்லாமல் ஆள் திரட்டுவதை அந்தச் சட்டம் குற்றமாக்கியதால், ஏமாந்தவர் தட்டுவதற்கு ஒரு கதவு கிடைத்தது. சப் ஏஜென்ட்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள், ஆனால் "உரிமம் எங்கே?" என்று கேட்க ஒரு கேள்வி மக்களின் கையில் இருந்தது.

இணையத்தில் ஊர்ப்பேச்சு இன்னும் பலவீனமானது. பெயரை மலிவாக மாற்றிக்கொள்ள முடிகிற இடத்தில் கெட்ட பெயருக்கு மதிப்பில்லை என்பதையும், அதன் விலையைப் புதிதாக வரும் நேர்மையானவர்களே கொடுக்க நேர்கிறது என்பதையும் எரிக் ஃபிரீட்மன், போல் ரெஸ்னிக் இருவரும் 2001இலேயே எடுத்துக் காட்டினார்கள். ஃபேஸ்புக் குழுக்களில் "இந்த ஆள் கள்ளன், கவனம்" என்று போடப்படும் படங்கள் உதவாமல் இல்லை. ஆனால் அந்தப் படம் பரவும்போது அந்த ஆள் வேறு பெயரில், வேறு நாட்டுக் கொடியோடு வந்துவிட்டிருப்பார்.

தளங்கள் சொல்லும் விடை

காசை நடுவில் ஒருவர் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் தளங்களின் விடை. நம் ஊரில் இதை அமானிதம் என்போம். சீனாவில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் நம்பாத காலத்தில், 2004இல் தொடங்கிய அலிபே கட்டணச் சேவை இந்த முறையிலேயே வளர்ந்தது. அப்வேர்க்கில் நிலையான விலை வேலை என்றால், கிளையன்ட் முதலில் காசை நடுக்கணக்கில் போட வேண்டும். வேலையை ஒப்படைத்து 14 நாட்களுக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் காசு தானாக விடுபடும். மணிக்கணக்கு வேலை என்றால், தளத்தின் செயலி எடுக்கும் திரைப்பிடிப்புகளே சாட்சி. ஃபைவரிலும் காசு முதலிலேயே கட்டப்பட்டுவிடும். வேலை முடிந்த பின் பெரும்பாலான விற்பனையாளர்களுக்கு 14 நாட்களில் அது கைக்கு வரும்.

இதற்கு ஈடாகத் தளங்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன. தளத்தில் அறிமுகமான கிளையன்டோடு இரண்டு ஆண்டுகளுக்கு வெளியே காசுப் பரிமாற்றம் செய்யக்கூடாது என்கிறது அப்வேர்க். செய்ய விரும்பினால் அதற்கென ஒரு கட்டணம் கட்டி முறைப்படி வெளியேறலாம். ஒப்பந்தம் தொடங்கும் முன் தொடர்பு விவரங்களைப் பரிமாறுவதும் விதிமீறல். ஃபைவர் வெளித் தொடர்பையே தடுக்கிறது. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். பல மாத உழைப்பில் சேர்த்த நட்சத்திரங்கள் ஒரே நாளில் போய்விடும்.

தளங்களின் அறிவுரையில் அவற்றின் சொந்த நலனும் கலந்திருக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. வெளியேற்றம் அவர்களின் வருமானத்தைக் குறைக்கிறது. அதனால் மோசடிப் பயத்தையும் தரகு இழப்பையும் ஒரே எச்சரிக்கைக்குள் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். தளத்துக்குள்ளேயும் மோசடி நடக்கிறது என்பது இன்னொரு குறை. 'கட்டணம் சரிபார்க்கப்பட்டது' என்ற குறி, கிளையன்ட் ஒரு கட்டண வழியை இணைத்திருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. அவர் நாணயமானவர் என்று சொல்வதில்லை.

அடையாளப் பட்டியல்களும் அவற்றின் எல்லையும்

எச்சரிக்கைப் பட்டியல்கள்தான் அதிகம் புழங்கும் விடை. ஒரு வேலையை அருகில் வைத்துப் பார்த்தால் அவை எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது தெரியும்.

தட்டச்சு வேலை என்று விளம்பரம் வருகிறது. ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்து வேர்டில் அடித்துக் கொடுத்தால் போதும்; கூலியோ தட்டச்சுக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காத தொகை. விளம்பரத்தில் தொலைபேசி இலக்கம் இல்லை. கூடவே ஒரு படக் கோப்பு இணைக்கப்பட்டிருக்கிறது, டெலிகிராம் பெயர் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. எழுத்தில் உள்ள இலக்கங்களைத் தளத்தின் மென்பொருள் பிடித்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. டெலிகிராமில் 'மேனேஜர்' ஒருவர் வருகிறார். பெயர் கேட்கிறார், ஊர் கேட்கிறார், பரிவாகப் பேசுகிறார். முதல் பக்கத்தை அனுப்பியதும் பாராட்டுகிறார். எல்லாப் பக்கங்களும் முடிந்த பிறகு, சம்பளம் தயாராக இருக்கிறது, ஆனால் புதியவர் என்பதால் 30 டொலர் பிணை வைக்க வேண்டும், சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பித் தருவோம் என்கிறார். அதைக் கட்டினால் 'பரிமாற்ற வரி' என்று இன்னொரு தொகை. அதையும் கட்டினால் மறுநாள் அந்தக் கணக்கே இருக்காது.

இதில் உறுதியான அடையாளம் ஒன்றுதான். வேலை செய்தவரிடமிருந்து வேலை கொடுத்தவரை நோக்கிக் காசு நகர்கிறது. பிணை, பதிவு, பயிற்சி, மென்பொருள், வரி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் திசை அதேதான். "கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பதும் இதே வகை. அங்கே வந்ததாகச் சொல்லப்படும் காசு பெரும்பாலும் ஒரு போலி மின்னஞ்சல் மட்டுமே. பயோனியரிடமிருந்தோ பேபாலிடமிருந்தோ வந்ததாகத் தோன்றும் கடிதத்தின் இணைப்பை அழுத்தாமல், முகவரியைத் தானே தட்டிக் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் உண்மை இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காசே கேட்காத மோசடிகள் இதைவிட ஆபத்தானவை; பட்டியல்கள் இவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. "உன் அப்வேர்க் கணக்கை வாடகைக்குத் தா, மாதாமாதம் பங்கு தருகிறேன்" என்பது ஒன்று. வடகொரியத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் பிறரின் கணக்குகளைப் பயன்படுத்தி ஃப்ரீலான்ஸ் தளங்களில் வேலை பெறுகிறார்கள் என்று 2022 மே மாதம் அமெரிக்க அரசு எச்சரித்தது. "இந்தக் குறியீட்டை உன் கணினியில் ஓட்டிப் பார், இதுதான் நேர்முகத் தேர்வு" என்பது இன்னொன்று. மென்பொருள் எழுதுவோரை இப்படி ஏமாற்றித் தீங்கு நிரலை நுழைக்கும் நடவடிக்கை ஒன்றை 2023இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, "என் காசை உன் வங்கிக் கணக்கில் வாங்கி இன்னொருவருக்கு அனுப்பிவிடு" என்ற வேலை. அந்தக் காசு வேறொருவரிடம் திருடியதாக இருந்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரை. 2006இன் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் சிறுதொகை, பெருந்தொகை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

பட்டியல் முறைக்கு ஆழமான இரண்டு குறைகள் உண்டு. கோர்மக் ஹெர்லி 2012இல் எழுதிய கட்டுரையில், அபத்தமாகத் தோன்றும் மோசடிக் கடிதங்கள் வேண்டுமென்றே அப்படி எழுதப்படுகின்றன என்றார். சந்தேகப்படுபவர்கள் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும், கடைசிவரை வருபவர் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே பிழையான ஆங்கிலத்தைப் பார்த்து ஒதுங்கத் தெரிந்தவர் அந்த வலைக்கு முதலிலேயே தேவையற்றவர். இப்போது செயற்கை நுண்ணறிவு கடிதத்தைப் பிழையின்றி எழுதித் தருவதால் மொழிப்பிழை என்ற அடையாளமும் தேய்ந்துகொண்டிருக்கிறது. மறுபக்கத்தில், நம் பகுதியின் நேர்மையான சிறு வியாபாரிகள் பலர் உடைந்த ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். அவர்களைக் கள்ளராக எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வாய் அடைக்கப்படும் இடம்

ஃபிராங்க் ஸ்டஜானோவும் போல் வில்சனும் 2011இல் மோசடிக்கு ஆளாவோரின் நடத்தையை ஆராய்ந்து ஏழு கோட்பாடுகளாகத் தொகுத்தார்கள். அவசரப்படுத்துதல், அதிகாரத்துக்குப் பணிதல், தேவையும் ஆசையும் என்று பலவும் அதில் உண்டு. நம் கேள்விக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர்கள் 'நேர்மையின்மை' என்று பெயரிட்ட கோட்பாடு. ஏமாறுபவரையும் ஒரு சிறு தவறில் பங்காளியாக்கிவிட்டால், பிறகு அவர் யாரிடமும் முறையிட மாட்டார்.

தளத்துக்கு வெளியே அழைப்பது இதை அப்படியே செய்துமுடிக்கிறது. வட்ஸ்அப் இலக்கத்தைக் கொடுத்த கணத்தில் ஃப்ரீலான்ஸர் விதியை மீறியவராகிறார். ஏமாந்த பிறகு தளத்துக்கு எழுதினால் தன் கணக்கே போய்விடும் என்று பயப்படுகிறார். காசு முறைசாரா உண்டியல் வழியாகவோ கிரிப்டோவிலோ வருவதாகப் பேசியிருந்தால் பொலிஸிடம் போகவும் தயக்கம். மெய்நிகர் நாணயங்கள் இலங்கையில் ஒழுங்குபடுத்தப்படாதவை என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருப்பதும் அவர் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 2025 முதல் வெளிநாட்டுச் சேவை வருமானம் வரிக்குள் வந்திருப்பதால், அந்தப் பயமும் சிலருக்குச் சேர்ந்துகொள்கிறது.

பெண்களுக்கு இந்த மௌனம் இரட்டிப்பாகிறது. வீட்டிலிருந்தபடியே டிசைன், தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கணக்கு வேலை செய்ய முடிகிறது என்பது நம் ஊர்களின் படித்த பெண்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. தளத்தின் உரையாடல் பெட்டிக்குள் கிளையன்டுக்குத் தெரிவது தளத்தில் போட்ட சுயவிவரமும் வேலையும்தான். வட்ஸ்அப்புக்குப் போனால் தொலைபேசி இலக்கம் போகிறது; இலக்கத்தோடு சுயவிவரப் படமும், நள்ளிரவில் அழைக்கும் வசதியும் போகின்றன. காசு இழப்பை வீட்டில் சொல்லலாம். தொல்லையாகவும் மிரட்டலாகவும் அது மாறினால், "யாருக்கு நம்பர் குடுத்தாய்?" என்ற கேள்விக்குப் பயந்தே பலர் சொல்லாமல் விடக்கூடும். "பேச வேண்டும்" என்பது வெளியே போகக் காரணமே அல்ல. இரண்டு தளங்களிலும் உள்ளிருந்தே காணொளியில் பேசும் வசதி இருக்கிறது. அதை மறுத்து இலக்கத்தையே கேட்கும் கிளையன்டைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

நேரத்தின் முக்கியத்துவமும் இங்கேதான் புரிகிறது. ஒரு சதம்கூடக் கைமாறும் முன்பே வெளியே அழைப்பவர், நடுவில் காசு நிற்கும் இடத்தையும் முறையிடும் இடத்தையும் ஒரே அடியில் அகற்றிவிடுகிறார். ஓராண்டு ஒழுங்காகக் காசு கொடுத்த கிளையன்ட் நேரடி ஒப்பந்தம் பற்றிப் பேசுவது வேறு விடயம். அதற்கு முறைப்படி கட்டணம் கட்டி வெளியேறும் வழியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எச்சரிக்கைக்குள் அடைப்பதால்தான் இளைஞர்கள் எச்சரிக்கையையே பொருட்படுத்தாமல் போகிறார்கள்.

சட்டம் எட்டும் தூரம்

2006இன் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னஞ்சல் வழி ஒப்பந்தத்துக்குச் சட்ட மதிப்புத் தருகிறது. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் ஊடுருவலையும் தரவுத் திருட்டையும் பிடிக்கிறது. ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றம். எழுத்தில் குறைவில்லை. எதிராளி எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது அந்த எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் சிக்கல்.

நியூயோர்க் நகரம் 2017இல் ஃப்ரீலான்ஸர்களுக்கென்றே ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். நாள் குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாட்களுக்குள் காசு. இலங்கையின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. அது சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவரைக் காக்கிறது. வீட்டிலிருந்து ஐந்து நாட்டுக்கு வேலை செய்பவரை அது எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

இன்னும் தீராதவை

தரகு குறைந்தால் வெளியேற்றம் குறையுமா என்பதற்குத் தெளிவான விடை இல்லை. தரகைக் குறைத்தாலும், காசு பெறும் வழி இலங்கையில் சீராகாவிட்டால் "வேறு வழியில் அனுப்புகிறேன்" என்ற தூண்டில் தொடர்ந்து வேலை செய்யும் என்றே கருதுகிறேன். ஃப்ரீலான்ஸரிடம் அடையாள அட்டை வரை கேட்கும் தளங்கள், கிளையன்டிடமும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டுமா என்ற விவாதமும் முடியவில்லை. கண்டிப்புக் கூடினால் கிளையன்ட் குறைவார். குறைந்தால் பாதிக்கப்படுவது புதிதாக வரும் கல்முனை இளைஞரும்தான்.

ஊரளவில் செய்யக்கூடியது இதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஒலுவில் பல்கலைக்கழகமும் சம்மாந்துறையிலுள்ள அதன் பீடமும், ஊர்தோறும் உள்ள கணினி நிலையங்களும் ஃபைவரில் 'கிக்' எனப்படும் சேவை விளம்பரம் போடச் சொல்லிக் கொடுக்கும் அதே வகுப்பில், ஒப்பந்தம் எழுதவும் மோசடி நடந்தால் எங்கே எப்படி முறையிடுவது என்றும் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

ஏற்கெனவே ஏமாந்து வாய்மூடி இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தளத்தின் விதியை மீறியது தளத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தப் பிரச்சினை. அது இலங்கைச் சட்டத்தில் குற்றம் அல்ல. உரையாடலை அழிக்காதீர்கள். திரைப்பிடிப்புகளையும், காசு அனுப்பிய ரசீதையும், அந்த இலக்கத்தையும் பெயரையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவுக்கும் எழுதுங்கள். வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்டிருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.